முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி: நிலத்தை விற்கும் முன் இதைப் படியுங்கள்

1. திருக்கடையூர். ஆயுள் வேண்டி அறுபதாம் கல்யாணத்துக்கு ஊரே திரளும் இடம். அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து எட்டு மாசம். இடுப்புக்குக் கீழ் அசைவில்லை. "ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துருவாராம். மூணு மா நெலத்த வித்துடலாமா டாக்டர்?"

2. வேண்டாம்மா. ஏன்னு சொல்றேன்.

3. தண்டுவடம் நசுங்கியதும் ரத்தக்கசிவு, வீக்கம். சில வாரங்களில் அந்த இடம் நீர் நிறைந்த பொந்தாகிறது. சுற்றிலும் தழும்பு. அறுந்த நரம்பிழை அதைத் தாண்டி வளர்வதில்லை. அங்கே வெறும் செல்லைச் செலுத்தினால் பெரும்பாலானவை செத்துப்போகும்.

4. டெல்டாக்காரங்களுக்குத் தெரியாததா? சேறடிக்காத தரிசில் நாற்றை வீசினால் வேர் பிடிக்குமா? அதற்குத்தான் விஞ்ஞானிகள் "பயோமெட்டீரியல்" தேடுகிறார்கள்: கொலாஜன், ஹைட்ரோஜெல் போன்றவை. செல்லைப் பிடித்து வைத்து, நரம்பு வளர வழிகாட்டி, பிறகு தானே கரைய வேண்டும்.

5. நல்ல ஆராய்ச்சிதான், நானும் காத்திருக்கிறேன். ஆனால் நிலவரம் என்ன? அமெரிக்காவில் இன்விவோ நிறுவனம், செல் இல்லாத வெறும் சாரத்தைத் தண்டுவடத்தில் வைத்தது. முதல் ஆய்வில் சிலர் முன்னேறினார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்ட அடுத்த ஆய்வு 2023-ல் இலக்கை எட்டவில்லை. 2024-ல் நிறுவனமே திவால்.

6. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகம் 4 பேருக்கு ஐபிஎஸ் செல் வைத்தது. 2025-ல் வந்த அறிவிப்பில் இருவருக்கு முன்னேற்றம். மகிழ்ச்சி. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. அவர்களே "இன்னும் ஆய்வு தேவை" என்கிறார்கள். நம்மூர் புரோக்கர் மட்டும் கேரண்டி தருகிறார்!

7. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் தெளிவு: ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று போன்றவை தவிர மற்றதெல்லாம் ஆய்வு மட்டுமே. தண்டுவடக் காயம் அனுமதிப் பட்டியலில் இல்லை. ஆய்வு என்றால் சிடிஆர்ஐ பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. எண் கேளுங்கள். எண் இல்லாமல் பில் மட்டும் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

8. "நம்பிக்கையைக் கெடுக்கிறீங்களே டாக்டர்" என்பார்கள். இல்லைங்க. பொய் நம்பிக்கைக்குக் கொடுக்கும் காசு, உண்மையான சிகிச்சையிலிருந்துதான் போகிறது. இவர்களைக் கொல்வது பெரும்பாலும் படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, கெட்டுப்போகும் சிறுநீரகம். மூன்றையும் பெருமளவு தடுக்கலாம்: இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, நேரம் தவறாமல் சுத்தமான டியூபில் சிறுநீர் எடுப்பது, பிசியோதெரபி, நல்ல சக்கர நாற்காலி.

9. வேலூர் சிஎம்சியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வுத் துறையையே கட்டி எழுப்பினார். அவரை மறுபடி உழைக்க வைத்தது பயிற்சியும் நாற்காலியும்.

10. இன்னொன்று: மரத்திலிருந்து விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் வளையாமல் பலகையில் கிடத்தி, 108-ஐ அழையுங்கள்.

11. அந்த அம்மா நிலத்தை விற்கவில்லை. இப்போது டியூப் போடக் கற்றுக்கொண்டார். அவருக்கு ஆயுளைக் கூட்டுவது அந்தக் கைதான். உங்கள் ஊரில் யாராவது நிலப் பத்திரத்தோடு கிளம்பினால், இதை அவருக்கு அனுப்புங்கள்.