லம்பிர் மலைக் காளான்

போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கிறது லம்பிர் மலை தேசியப் பூங்கா. 2010இல் அங்கே கிடைத்த ஒரு காளானை அடுத்த ஆண்டே டெனிஸ் டெஸ்ஜார்டின், கபீர் பீ, தாமஸ் புரூன்ஸ் ஆகிய மூவரும் 'மைக்காலஜியா' ஆய்விதழில் புதிய இனமாக வெளியிட்டார்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். குடையும் காம்புமான வழக்கமான வடிவம் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் அளவில், மடிப்பும் குழியுமாக, கடற்பஞ்சின் சாயலில் ஓர் உருண்டை. தண்ணீரைப் பிழிந்தெடுத்தாலும் மறுபடி பழைய உருவத்துக்கு வந்துவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் ஆரஞ்சு ஊதாவாகிவிடும். 'ஸ்பாஞ்சிஃபார்மா ஸ்கொயர்பேன்ட்ஸி' என்று குழந்தைகளின் கார்ட்டூன் பாத்திரத்தை வைத்துப் பெயரிட்டார்கள். அந்தப் பெயர்தான் செய்தியாயிற்று. காளானை விவரித்து எழுதிய வேலை யார் கண்ணிலும் படவில்லை. ஒரு காளானைப் புதிய இனமென்று விவரிப்பது அலமாரிக்குப் பொருள் சேர்க்கும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் படித்தவர்களிடமே இருக்கிறது. காடு எப்படி உயிர்வாழ்கிறது என்ற அறிவே இந்த வேலையின் மேல்தான் நிற்கிறது என்பது என் வாதம்.

லம்பிர் காளான் போலீட் குடும்பத்தைச் சேர்ந்தது. கடையில் வாங்கும் காளானின் அடியில் தகடு தகடாக அடுக்குகள் இருக்கும். போலீட் காளான்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே நுண்துளைகள்தான். சிலவற்றை வெட்டினால் மஞ்சள் சதை கண்ணெதிரே நீலமாகும். இவை பெரும்பாலும் உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டாக வாழ்பவை. பூஞ்சையிழை வேர்நுனியை உறைபோலப் போர்த்தி, மண்ணிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மரத்துக்குக் கொடுத்து, மரம் தயாரிக்கும் சர்க்கரையைப் பெற்றுக்கொள்ளும். இந்த வகைக் கூட்டு பைன், ஓக் வளரும் குளிர்நாட்டுக் காடுகளுக்கே உரியது, வெப்பமண்டலத்தில் அது அபூர்வம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அந்தக் கருத்தைத் தளர்த்தியதில் காளான்களை ஒவ்வொன்றாக விவரித்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தென்னமெரிக்காவின் கயானாவில், பகரைமா மலைப்பகுதியில், டைசிம்பே என்ற ஒரே மரவகை மேலோங்கி நிற்கும் காடுகள் உள்ளன. டெர்ரி ஹெங்கலும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சென்று, புதிய போலீட் இனங்களை மட்டுமல்ல, புதிய பேரினங்களையே விவரித்தார்கள். 2015இல் ஒரே கட்டுரையில் மூன்று பேரினங்கள். அந்த மரங்களின் வேரில் வாழும் துணைவர்கள் யார் என்று இன்று பேச முடிவது இந்த உழைப்பால்தான்.

விவரிப்பது என்றால் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். காளான் சில மணி நேரத்தில் நிறம் மாறும், மணம் போகும், புழு வைக்கும். எனவே எடுத்த அன்றே நிறத்தை அட்டவணையோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். வெட்டிப் பார்த்து, எத்தனை நேரத்தில் எந்த நிறமாகிறது என்று எழுத வேண்டும். வித்துத்தூளைத் தாளில் விழவைத்து நிறம் பார்க்க வேண்டும். எந்த மரத்தடியில் கிடைத்தது என்பதையும் விடக்கூடாது. பிறகு மிதமான சூட்டில் உலர்த்தி, நுண்ணோக்கியில் வித்துகளை ஒவ்வொன்றாக அளந்து, டிஎன்ஏ வரிசை எடுத்து, ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களோடு ஒப்பிட வேண்டும். கடைசியில் ஒரு மாதிரியை உலர்தாவரக் காப்பகத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டும். அந்தப் பெயருக்கு அதுவே சாட்சி. இதில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இ. ஜே. எச். கார்னரின் மாதிரிகளைப் பார்க்கலாம். 1929இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் சேர்ந்தவர் அவர். 1972இல் வந்த அவருடைய 'போலீட்டஸ் இன் மலேசியா' இன்றும் அந்தப் பகுதிக் காளான்களுக்கு ஆதார நூல். ஆனால் அவர் காலத்து வழக்கப்படி பல மாதிரிகளைச் சாராயமும் ஃபார்மலினும் கலந்த திரவத்தில் போட்டுவைத்தார். அவற்றிலிருந்து டிஎன்ஏ எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். 2011இல் கார்னர் விவரித்த இனங்களை எகான் ஹோராக் மறுபரிசீலனை செய்து ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. அந்த வேலைக்குக் கை கொடுத்தவற்றில் முக்கியமானவை கார்னர் விட்டுச்சென்ற குறிப்புகளும் படங்களும். கவனமாக எழுதிய குறிப்பு எழுதியவருக்குப் பிறகும் பயன்படுகிறது.

இவ்வளவு பாடு இன்று எதற்கு, ஒரு பிடி மண்ணை எடுத்து டிஎன்ஏ வரிசையைப் படித்தால் நூற்றுக்கணக்கான பூஞ்சைகள் ஒரே நாளில் தெரிந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. மண்ணில் இருப்பவற்றில் பெரும்பகுதி காளானாக வெளியே வருவதே இல்லை. ஆனால் அந்த வரிசை ஒரு எண்ணாகவே நிற்கும். அது எந்த உயிருடையது, அதன் உருவம் என்ன, நஞ்சா உணவா என்பதை அந்த எண் சொல்லாது. பெயர் பெற்ற ஒரு மாதிரியோடு பொருந்தும்போதுதான் அதற்குப் பொருள் வரும். வெறும் வரிசையையே ஓர் இனத்தின் சாட்சியாக ஏற்கலாம் என்ற முன்மொழிவு 2018இல் போர்ட்டோ ரிகோவில் கூடிய உலகப் பூஞ்சையியல் மாநாட்டில் ஏற்கப்படவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இரண்டு முறையும் சேர்ந்தே நடக்கட்டும். ஒன்று வந்துவிட்டதென்று மற்றதற்குப் பணத்தை நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

காட்டையே வெட்டிக்கொண்டிருக்கும்போது பெயர் வைத்துக்கொண்டிருக்கலாமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கியூ தாவரவியல் பூங்காவின் 2023 அறிக்கைப்படி, உலகில் சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம். பெயர் பெற்றவை ஏறத்தாழ 1,55,000. ஆண்டுக்குச் சுமார் 2,500 என்ற இப்போதைய வேகத்தில் எல்லாவற்றுக்கும் பெயரிட 750 முதல் 1,000 ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கைப் பார்த்துச் சோர்ந்து போவது எளிது. ஆனால் காப்பதற்கான பட்டியல்கள் எல்லாம் பெயரை வைத்தே நடக்கின்றன. அழியும் உயிர்களின் செம்பட்டியலில் பூஞ்சைகள் 1,000ஐத் தாண்டியதே 2025இல்தான். பட்டியலில் ஏறாத உயிருக்காக எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையும் ஒரு வரி எழுதுவதில்லை. ஆய்வுக்காகப் பறித்தால் அந்த இனம் குறையாதா என்றும் கேட்கிறார்கள். காளான் என்பது மண்ணுக்குள் பரவிய பூஞ்சையின் கனி மட்டுமே. மாம்பழம் பறித்தால் மாமரம் சாவதில்லை. அந்தப் பூஞ்சைக்கு உண்மையான ஆபத்து, அது சார்ந்திருக்கும் மரத்தை வெட்டுவதில் இருக்கிறது. லம்பிரில் 52 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில் மட்டும் சுமார் 1,200 மர இனங்கள். அவற்றில் ஓங்கி நிற்பவை டிப்டெரோகார்ப் மரங்கள். அவை போனால் ஆரஞ்சுக் காளானும் போய்விடக்கூடும்.

இதே டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கின்றன. ஹோப்பியாவும் வெள்ளைக் குங்கிலிய மரமும் அந்தக் குடும்பம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜனும் உடன் ஆய்வாளர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் டிப்டெரோகார்ப் காட்டில் வேரோடு வாழும் பூஞ்சைகளைப் பற்றி 2005இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த வழியில் தொடர இளைஞர்கள் வேண்டும். அவர்களுக்கு நிரந்தர வேலையும், மாதிரிகளைப் பூசணம் பிடிக்காமல் காக்கும் காப்பகமும் வேண்டும். இனவிவரிப்புக் கட்டுரையைப் பதவி உயர்வுக் கணக்கில் மட்டமாக மதிப்பதைப் பல்கலைக்கழகங்கள் விட வேண்டும். மழைக்காலத்தில் மலைக்காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காளானைக் கண்டால் பறிக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். மேலிருந்து மட்டும் படமெடுத்துவிட்டு நகராமல், கேமராவைத் தரையோடு தாழ்த்தி அடிப்பக்கத்தையும் காம்பையும் எடுங்கள். பக்கத்தில் நிற்கும் மரத்தையும் அதன் இலையையும் சேர்த்து எடுத்து, இடமும் தேதியும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றுங்கள்.