அலை மாறுது... அரசுகள் மாறலையே!



"முக்கூடல் ஆத்தங்கரையில உக்காந்துக்கிட்டு கடல் அலையைப் பத்தி என்னவே பேச்சு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேசித்தான் ஆகணும். நம்ம ஊரைத் தொட்டு ஓடுற தாமிரபரணி புன்னக்காயலில் கடல் சேருது. மணலை அள்ளுனது இங்க. அடி வாங்குறது அங்க.

முதலில் அலையைப் பார்ப்போம்.

2024 மே 6. குமரி மாவட்டம் கணபதிபுரம், லெமூர் கடற்கரை. பக்கத்தில் புயல் எதுவும் இல்லை. ஆனாலும் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. அந்த நாள்களில் நம் தென்கரையைத் தாக்கியது கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வீசுகிற சூறைக்காற்று கிளப்பிவிடும் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து, திருடன் மாதிரி கரையேறும். அதனால்தான் கடலோர மக்கள் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 2012-ல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. அப்படியும் 5 உயிர் போச்சு. அறிக்கை மட்டும் உயிரைக் காப்பாத்தாது. கரையில ஆள் நிக்கணும்!

இது ஒருநாள் விபத்துன்னு விட்டுடலாமா? மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். தென்பெருங்கடலில் உச்சக் காற்றின் வேகம் 8 சதவீதம் கூடியிருக்கிறது. உச்ச அலைகளின் உயரம் 30 செ.மீ. ஏறியிருக்கிறது. கள்ளக்கடல் கிளம்புறது அந்தப் பக்கத்துக் கடல்ல இருந்துதான்!

சரி, அலை பலமாகுது. கரை தாங்குமா? அலைக்கு முதல் தடுப்பு கல் இல்லை, மணல். அந்த மணலைக் கொண்டுவந்து கொட்டுவது ஆறு. சந்தேகமிருந்தால் கொற்கையைப் பாருங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்றைக்குக் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலையே தள்ளி நிறுத்தியது!

அந்த ஆற்றை என்ன செய்தோம்? பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் ஒரு பங்கு மணல் தங்கிவிட்டது. மிச்சத்தை லாரியில் ஏற்றினார்கள். நல்லகண்ணு அய்யா வழக்குப் போட்டு, தானே நின்று வாதாடி, 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மணல் அள்ளத் தடை வாங்கினார். அதற்குப் பிறகும் திருட்டு மணல் வழக்குகள் ஓயவில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் ஆறு என்ன செய்யும், கரைதான் என்ன செய்யும்?

விளைவு? ஒன்றிய அரசின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமே கணக்குச் சொல்கிறது: 1990 முதல் 2018 வரை தமிழ்நாட்டுக் கடற்கரையில் சுமார் 42 சதவீதம் அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது. திருச்செந்தூர் கோயில் முன்னால கடல் அரிச்ச பள்ளத்தை, சாமி கும்பிடப் போன நீங்களே கண்ணால பார்த்திருப்பீங்க.

இதற்கு அரசுகளிடம் இருக்கும் ஒரே மருந்து, தூண்டில் வளைவு. வீட்டு வாசலுக்குக் கடல் வந்துவிட்ட மீனவர் அதைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு ஊருக்குக் கல் கொட்டினால், நகர்ந்து போகும் மணல் அங்கேயே நிற்கும். அடுத்த ஊர் அரிபடும். அப்புறம் அந்த ஊரும் கல் கேட்கும். டெண்டர் எடுத்தவன் பிழைப்பான், கடற்கரை பிழைக்குமா?

நாம் கேட்பது நான்கு:

✊ கடற்கரை முழுவதற்கும் ஒரே திட்டம் போடு! ஊருக்கு ஒரு டெண்டர் வேண்டாம்!

✊ அலை அளவீட்டையும் அரிப்புக் கணக்கையும் ஆண்டுதோறும் ஊர் வாரியாகத் தமிழில் வெளியிடு!

✊ கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் ஒவ்வொரு கடற்கரையிலும் காவல் போடு!

✊ தாமிரபரணி மணல் திருட்டை அடியோடு நிறுத்து!

முக்கூடல்காரனுக்கும் புன்னக்காயல்காரனுக்கும் நடுவுல ஓடுறது ஒரே ஆறு. மேல இருக்குறவன் வாய் மூடி இருந்தா, கீழ இருக்குறவன் வீடு போகும். உங்க ஊர் கிராமசபையில இந்த நான்கையும் தீர்மானமாக் கொண்டு வாங்க. பகிருங்கள், பேசுங்கள், கேள்வி கேளுங்கள்!

#தாமிரபரணி #கள்ளக்கடல் #கடற்கரையைக்_காப்போம்