31 வயசானா கொக்கிப்புழு விட்டுடுமா?



களையெடுக்கக் குனிந்தால் மூச்சு வாங்குது. பத்தடி நடந்தால் நெஞ்சு படபடங்குது. ஆஸ்பத்திரிக்குப் போனால் "ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்கிறார்கள். நம்ம கூலிக்குப் பேரீச்சம்பழம் இருக்கட்டும். தின்ற சத்தை உள்ளே இருந்து உறிஞ்சுவது யார் என்று பார்த்தார்களா?

கொக்கிப்புழு! மலம் கலந்த ஈரமண்ணில், தோப்பு நிழலில், வாய்க்கால் கரையில் முட்டை பொரிந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. நுரையீரல் வழியாகக் குடலுக்கு இறங்கிக் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்கிறது. கால் அரித்தால் நாம் சேத்துப்புண் என்று மஞ்சளை அப்பிவிட்டு வேலைக்குப் போகிறோம்.

எங்கோ ஒருத்தருக்கு வரும் வியாதி அல்ல இது. ஜவ்வாது மலைக் கிராமங்களில் மலப் பரிசோதனை செய்து 2013-ல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மேல் கொக்கிப்புழு! எல்லா ஊரிலும் இதே அளவு என்று நாங்கள் சொல்லவில்லை. நம்ம ஊரில் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தது யார்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதில் புழுவின் பங்கு எவ்வளவு?

2015 முதல் குடற்புழு நீக்க நாள் நடத்துகிறார்கள், வரவேற்கிறோம். 1 முதல் 19 வயது வரை மாத்திரை. நம் மாநிலத்தில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்தார்கள். அப்ப 31 வயசு அக்காவுக்கு? 45 வயசு அண்ணனுக்கு? கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம். பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அப்பன் ஆத்தா வயிற்றில் புழுவை விதைநெல் மாதிரி விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு முளைக்காதா? "எல்லாருக்கும் கொடுப்பது நடக்காத காரியம்" என்பார்கள். ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் 2018 முதல் ஆய்வுக்காகச் சில பகுதிகளில் பெரியவர்களுக்கும் கொடுத்தார்களே, அது எப்படி நடந்தது?

"செருப்பு போடு, கக்கூஸ் போ" என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். செருப்போடு நாத்து நட இறங்கிப் பாருங்கய்யா! கிராமங்களில் திறந்தவெளி மலங்கழிப்பு ஒழிந்ததாக 2019 அக்டோபர் 2-ல் அறிவித்தாச்சு. தண்ணி இல்லாத கக்கூஸில் விறகும் வறட்டியும் அடுக்கிக் கிடக்குது.

பெரியவர்களுக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை மாத்திரை வேண்டும். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் பார்த்துத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலப் பரிசோதனை செய்து, ஊர்வாரிக் கணக்கைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். கக்கூஸுக்குத் தண்ணீர் வேண்டும்.

அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்போம். எழுதாமல் நோட்டை நீட்டினால் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். மறுநாள் காலை 10 மணிக்கு சுகாதார நிலையத்தின் முன்பு கூடுவோம். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்!