கொடி பல, துறைமுகம் ஒன்று

சங்கங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதால்தான் சென்னைத் துறைமுகத் தொழிலாளி கெட்டான் என்று நம் வயதுக்காரர்கள் பலர் இன்றும் சொல்கிறார்கள். ராஜாஜி சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

போட்டி இருந்தது உண்மை. 1947-ல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தை நடத்திய எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை, துறைமுகத்திலும் சங்கம் வளர்த்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த அவரை 1957-ல் வடசென்னை எம்.பி. ஆக்கியது. அந்தச் சங்கம் ஹெச்.எம்.எஸ். பக்கம். காங்கிரஸுக்கு ஐ.என்.டி.யு.சி., கம்யூனிஸ்டுகளுக்கு ஏ.ஐ.டி.யு.சி., 1970-ல் அதிலிருந்து பிரிந்த சி.ஐ.டி.யு., தி.மு.க.வுக்குத் தொ.மு.ச.

ஆனால் சம்பளப் பேச்சு என்று வந்தால் எல்லாரும் ஒரே பக்கம். 1984-ல் நாட்டின் பெரிய துறைமுகங்கள் ஒன்றாக நின்றன. 2024 ஆகஸ்டிலும் சேர்ந்து நோட்டீஸ் கொடுத்து, வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள் 8.5 சதவீத உயர்வு வாங்கினார்கள்.

பின் எங்கே கெட்டது? ஒரு காலத்தில் மேஸ்திரி கை காட்டியவருக்குத்தான் அன்றைய வேலை. 1948 சட்டத்தால் டாக் லேபர் போர்டு வந்தது. பெயரைப் பதிந்து, முறை வைத்து வேலை கொடுத்தது. கப்பல் இல்லாத நாளில் வந்து நின்றவருக்கும் ஒரு தொகை உண்டு. அது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பதிவேடே சுவராகவும் ஆனது. போட்டியெல்லாம் சுவருக்கு உள்ளே இருந்தவர்களின் சந்தாவுக்கும் ஓட்டுக்கும். வெளியே கான்ட்ராக்டில் மூட்டை தூக்கியவரையும், லாரி ஓட்டியவரையும், கிளீனரையும் தேடி எந்தக் கொடியும் பெரிதாக ஓடிப் போகவில்லை.

1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. ஒரு கேங் நாள் முழுக்க இறக்கிய சரக்கைக் கிரேன் நிமிடத்தில் தூக்கியது. 2001-ல் முனையம் தனியார் கைக்குப் போனது. லேபர் போர்டும் போர்ட் டிரஸ்டோடு இணைந்தது. ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரப்பப்படாமல் பதிவேடு சுருங்கியது. வேலை மட்டும் சுருங்கவில்லை. சுவருக்கு வெளியே போய்விட்டது. அங்கே சங்கத்துக்கு ஆள் இல்லை.

ஆகவே சங்கங்கள் போட்டி போடட்டும், தப்பில்லை. இரவு முழுக்க லாரியோடு வரிசையில் காத்திருக்கும் டிரைவரை யார் முதலில் உறுப்பினராக்குவது என்பதில் அந்தப் போட்டி இருக்கட்டும்.