அலைப்பலகை வாங்குமுன்

விடுமுறை நெருங்கினால் சங்கத்துப் பிள்ளைகள் நம்மிடம் இரயில் முன்பதிவைப் பற்றிக் கேட்பது வழக்கம். இம்முறை இரு இளைஞர்கள் வேறொன்று கேட்டனர். தீபாவளி விடுமுறையில் மங்களூருக்கு அருகேயுள்ள முல்கிக்குச் சென்று அலைச்சறுக்குப் பழக விரும்புகின்றனராம். பலகையை மும்பையிலேயே வாங்கிச் செல்லலாமா, வாங்குவதாயின் எத்தகையது வாங்குவது என்பது அவர்களது ஐயம். தக்க இடத்தில்தான் கேட்டனர். இவ்விஷயத்தில் பணத்தைக் கடலில் போட்ட அனுபவம் நமக்கு உண்டு.

இரண்டாண்டுகளுக்கு முன் நம் தங்கை மகன் நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்து மனமொடிந்து கிடந்தான். வயது பதினேழு, எடை 62 கிலோ, நீச்சல் நன்கு அறிந்தவன். அவனுக்கு ஓர் ஊக்கமாக இருக்கட்டுமென்று முல்கிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தோம். படங்களில் வீரர்கள் ஏறிச் செல்லும் கூர்மூக்குச் சிறு பலகையே வேண்டுமென்றான் அவன். நாமோ நீளத்தை மட்டும் நோக்கினோம்; இரயில்வே குமாஸ்தாவின் கண் வேறெதை நோக்கும்? ஒன்பதடிப் பலகையெனில் பிரேக் வேனில் பதிந்து அனுப்பவேண்டும்; ஆறடியெனில் கீழ்ப்படுக்கையின் அடியில் செருகிவிடலாம் என்று கணக்கிட்டோம். (பெட்டிக்குள் உடன்கொண்டு செல்லும் டிரங்கின் அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தைத் தாண்டலாகாது என்னும் விதியை அறிந்தே இவ்வாறு எண்ணினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.) பையனின் ஆசையும் நமது வசதியும் கைகோத்து, ஒருவர் பயன்படுத்திய ஆறடிக் கண்ணாடியிழைப் பலகை வீடு வந்து சேர்ந்தது. ஏறப்போகிறவன் எவ்வளவு பழகியவன் என்பதை விற்றவரும் கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை.

முல்கியில் மூன்று நாள் அவன் ஒருமுறையேனும் நிமிர்ந்து நிற்கவில்லை. அலை வருமுன் பலகை அமிழும். அலை வந்தபின் புரளும். மூன்றாம் நாள் பலகையின் விளிம்பு நெற்றியில் மோதிப் புருவம் வீங்கிவிட்டது. அன்று மாலை, “மாமா, எனக்கு எதுவுமே வராது, ஊருக்குப் போய்விடலாம்” என்றான். ‘எதுவுமே’ என்று அவன் சொன்னது அலையை மட்டும் குறித்ததன்று. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை பயிற்சியாளர் ஒருவர் பலகையைப் புரட்டி, அதில் எழுதியிருந்த 27 லிட்டர் என்னும் எண்ணைக் காட்டினார். பலகை எவ்வளவு பருமன் உடையது, எவ்வளவு பாரத்தை மிதக்கவைக்கும் என்பதற்கு அதுவே அளவு. கற்பவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரேனும் இருப்பது நலம். தேர்ந்தவருக்கோ அதில் பாதியும் வேண்டா. 62 கிலோப் பையனை நாம் ஏற்றியது தேர்ந்தவருடைய பலகை!

காரணம் எளிதே. அலையின் வேகத்தைப் பலகையும் ஓரளவு எட்டினாலன்றி அலை அதனை ஏந்திச் செல்லாது. அவ்வேகத்தைக் கைகளால் நீரைத் தள்ளியே பெறவேண்டும். நீண்டு அகன்ற பலகை நீர்மேல் வழுக்கி ஓடும். மெலிந்த சிறு பலகையோ ஆளின் பாரத்தால் பாதி அமிழ்ந்து இழுபடும். அலை செங்குத்தாக எழும் கணத்தில் சட்டென எழுந்து நிற்கவல்லவனுக்கே அது உதவும். மூக்கின் வளைவும் அத்தகையதே: மிக வளைந்தது செங்குத்தான அலையில் குத்திட்டு மூழ்காது, ஆயின் வேகம் குறைவு. தட்டையானது சிற்றலையிலும் ஓடும்.

ஆகவே முதலில் வேண்டுவது எட்டு அல்லது ஒன்பதடி நீளமும், இருபத்திரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலமும் உள்ள ‘சாஃப்ட் டாப்’. மேற்புறம் மென்மையானது, தலையில் பட்டாலும் கண்ணாடியிழை போல் காயப்படுத்தாது. முப்பத்தைந்து கிலோச் சிறுவர்க்கு ஆறேழடி போதும், அதுவும் மென்பலகையே. பலகையைக் காலோடு பிணைக்கும் ‘லீஷ்’ கயிறு ஏறத்தாழப் பலகையின் நீளம் இருக்கட்டும். அதில் வெடிப்போ வெட்டோ கண்டால் உடனே மாற்றுக. அறுந்தால் பலகை பிறர்மேல் பாயும்.

இதனினும் மேலான வழி, வாங்காமலிருப்பதே. பயிற்சியிடங்களில் பலகையை வாடகைக்குத் தருகின்றனர். நுரைத்து உடைந்த அலையில் நிற்பது மட்டும் போதாது. உடையாத அலையைத் தாமே பிடித்து, அதன் சரிவில் இடமோ வலமோ திரும்பிச் செல்ல வந்தபின் ஏழடி, ஏழரையடிக் கெட்டிப் பலகையைப் பற்றி எண்ணலாம். ஆறடி அதற்கும் பின்னர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும். கற்பவர் அப்போது இறங்கலாகாது.

நீண்ட பலகையைக் கற்றுக்குட்டியின் பலகையென்று பிள்ளைகள் வெட்கப்படுவதுண்டு. ஹவாய்த் தீவுகளில் முற்காலத்தில் ‘ஓலோ’ என்னும் மிக நீண்ட மரப்பலகை அரசகுடியினர்க்கே உரியதாக இருந்தது, சிறியதே பிறருக்கு. இதை நம் மருமகனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. எனினும் வாடகைக்கு எடுத்த ஒன்பதடியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பத்து மணிக்கு முழங்காலில் வந்தான். பதினொன்றுக்குச் சற்று முன்னர், இடுப்பளவு நீரில், இரு கைகளையும் விரித்து நின்றபடி கரைவரை வந்து சேர்ந்தான். அலை ஓய்ந்தபின்னும் இறங்க மனமின்றி நின்றுகொண்டிருந்தான். ஊருக்குப் போகும் பேச்சு அதன்பின் எழவில்லை.

அந்த ஆறடிப் பலகை இன்றும் நம் வீட்டு பீரோவின் மேல் உறையோடு கிடக்கிறது. வெயில் படாமல் வைத்திருக்கிறோம், பழுதில்லை. நன்கு பழகியவர் எவரேனும் சங்கத்தில் இருப்பின் வந்து பார்க்கலாம். விலையைப் பேசுமுன் அவரது எடையைக் கேட்போம். எத்தனை ஆண்டு பழகியவர் என்பதையும் கேட்போம்.