லிடெலுக்கு ஒரு நீதி, சில்லாவுக்கு ஒரு நீதி

2025 பிப்ரவரி 18 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட், 210-க்கு 81 என்ற வாக்குக் கணக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. விளையாட்டுச் சம்மேளனங்களின் போட்டிகளில், அது உள்ளூர் அமெச்சூர் ஆட்டமாகவே இருந்தாலும், மதத்தைக் காட்டும் அடையாளம் எதையும் அணியக் கூடாது என்கிறது அது. கீழவையும் ஒப்புக்கொண்டால் சட்டம்.

எல்லா மதங்களுக்கும் பொதுவான விதிதானே என்பார்கள். காகிதத்தில் பொதுதான். சிலுவைச் சங்கிலி போட்ட கால்பந்து வீரர் அதைக் கழற்றிவிட்டுத்தான் எப்போதும் களம் இறங்குகிறார். நகை அணியக் கூடாது என்பது ஆட்டத்தின் பாதுகாப்பு விதி. அவருக்கு இந்த மசோதாவால் புதிதாக ஒரு நஷ்டமும் இல்லை. பிரான்ஸ் அணிக்காக 57 கோல் அடித்த ஒலிவியே ஜிரூவின் கையில் லத்தீன் மொழியில் பைபிளின் சங்கீத வரி ஒன்று பச்சை குத்தப்பட்டிருக்கிறது. கையை உயர்த்தி அவர் கோல் கொண்டாடிய ஒவ்வொரு முறையும் உலகமே அதைப் பார்த்தது. எந்தச் செனட்டருக்கும் குடியரசு ஆட்டம் கண்டதாகத் தோன்றவில்லை. மைதானத்தில் மதத்தைத் தலையில் சுமப்பவர்கள் யார்? முஸ்லிம் பெண்கள், சில சீக்கியர்கள். பிரான்ஸைப் பொறுத்தவரை, பெரும்பாலும் முதல் வகையினர். குறி அவர்கள்தான் என்பதைப் புரிந்துகொள்ள சட்டப் படிப்பு வேண்டியதில்லை.

இதே பாரிஸின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நூறாண்டு பழையதுதான், ஆனாலும் இந்த விவாதத்தில் அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக். ஸ்காட்லாந்தின் எரிக் லிடெல் 100 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டனின் பெரும் நம்பிக்கை. தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என்று அட்டவணை வந்தது. ஞாயிறு ஆண்டவருக்கான நாள், ஓட மாட்டேன் என்றார் லிடெல். 1981-ல் வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’, பயணத்துக்குக் கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு இது தெரிய வந்ததாகக் காட்டும். அது சினிமா. உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்து, வேறு ஓட்டங்களுக்குத் தயாராகியிருந்தார். 100 மீட்டர் தங்கத்தை ஹரால்டு ஆபிரகாம்ஸ் வென்றார். லிடெல் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். ஜூலை 11 அன்று, கொலோம்ப் மைதானத்தில் 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். பிறகு சீனாவுக்கு மிஷனரியாகப் போய், 1945-ல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் உயிர்விட்டார்.

 

லிடெல் ஒலிம்பிக் அட்டவணையையே மதத்தின் பெயரால் மறுத்தவர். அவரை மதவெறியர் என்று யாரும் சொல்வதில்லை. கொள்கைக் குன்று என்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். நூறாண்டு கழித்து அதே நகரத்தில், பிரான்ஸின் தொடர் ஓட்ட வீராங்கனை சுன்காம்பா சில்லா எதையும் மறுக்கவில்லை. எந்தக் கிழமையானாலும் ஓடத் தயார். தலையில் ஒரு துணி இருக்கும், அவ்வளவே. அதற்காகத் தன் நாட்டிலேயே நடக்கும் 2024 ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் கலந்துகொள்ள முடியாது என்று தனக்குச் சொல்லப்பட்டதாக அவர் வெளியே சொன்னார். பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்த விழாவின் படகில் ஏறினார். முடியை மறைப்பது துணியானால் மதம், தொப்பியானால் மதச்சார்பின்மை! மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்று நம் ஊரில் இதற்குச் சொல்வழக்கே இருக்கிறது.

‘லிடெல் விலை கொடுத்தாரே, 100 மீட்டரைத் துறந்தாரே, இவர்களும் துறக்கட்டும்’ என்று ஒரு பதில் வரும். கேட்க நியாயம்போல இருக்கும். லிடெலுக்கு வெள்ளிக்கிழமை ஒரு 400 மீட்டர் இருந்தது. தலைத்துணி அணிந்த பெண்ணுக்குப் பிரெஞ்சு செனட் எந்தக் கிழமையை மிச்சம் வைத்திருக்கிறது? 100, 400, மாரத்தான், கால்பந்து, கூடைப்பந்து, எல்லாக் கதவும் ஒரே சாவியால் பூட்டப்படுகிறது.

இதில் கொடுமையான நகைச்சுவை, 2024 ஒலிம்பிக்கில் தலைத்துணித் தடை பிரெஞ்சுப் பெண்களுக்கு மட்டுமே பொருந்தியது என்பது. ஒலிம்பிக் கிராமத்தில் வெளிநாட்டினர் விரும்பியதை அணியலாம். நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் மாரத்தானைத் தலைத்துணி இல்லாமல் ஓடி, 2 மணி 22 நிமிடம் 55 விநாடி என்ற ஒலிம்பிக் சாதனையோடு வென்று, நிறைவு விழாவில் ஹிஜாப் அணிந்து வந்து தங்கம் வாங்கிக்கொண்டார். ஓடும்போது வேண்டாம், மேடையில் வேண்டும்; அவர் தலை, அவர் முடிவு. அரங்கம் கைதட்டியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கிய முதல் ஒலிம்பிக் என்று பாரிஸ் பெருமைப்பட்டுக்கொண்டதும் இந்த ஒலிம்பிக்கில்தான்.

உலக விளையாட்டு அமைப்புகள் இந்தப் பாடத்தைப் படித்து முடித்தாகிவிட்டது. 2011-ல் அம்மானில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றில், உடை விதியைச் சொல்லி இரான் பெண்கள் கால்பந்து அணியை ஃபிஃபா ஆடவே விடவில்லை. கழுத்து நெரியும், பாதுகாப்பில்லை என்றார்கள். 2014-ல் அதே ஃபிஃபா தலைத்துணிக்கு அனுமதி கொடுத்தது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு தென்கொரியாவுக்கு எதிராக ஆடினார். மொராக்கோ வென்றது, ஒரு கழுத்தும் நெரியவில்லை. கூடைப்பந்தில் 2014-ல் வூஹானில் நம் அம்ஜோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் தலைப்பாகையைக் கழற்றிய பிறகே ஆட விடப்பட்டார்கள். 2017-ல் அந்த விதியும் போய்விட்டது. பிரான்ஸ் மட்டும் பின்னோக்கி ஓடுகிறது.

பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2023 ஜூனில் கால்பந்துச் சம்மேளனத்தின் தடை செல்லும் என்றது. அதன் சொந்தச் சட்ட ஆலோசகரே தடையை நீக்கச் சொல்லியிருந்தார், கேட்கவில்லை. மைதானத்தில் மோதல்களைத் தவிர்க்கவாம். கால்பந்து மைதானத்தில் மோதல் எதனால் வருகிறது என்று எந்த நடுவரைக் கேட்டாலும் சொல்வார்: ஆஃப்சைடு, பெனால்டி, மது. பின்கள ஆட்டக்காரியின் தலைத்துணி அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது?

புறநகர்ப் பெண் பிள்ளைகளை அண்ணன்மார் கட்டாயப்படுத்தி அணியவைக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். அப்படியானால் அண்ணனைப் பிடியுங்கள். தங்கையை மைதானத்திலிருந்து வெளியேற்றி, அதே அண்ணன் இருக்கும் வீட்டுக்கு அனுப்பிவைப்பதற்குப் பெயர் விடுதலையா? இரானைப் பாருங்கள் என்பவர்களும் உண்டு. பார்த்தோம். 2022-ல் சியோலில் பாறையேற்ற வீராங்கனை எல்னாஸ் ரெகாபி தலைத்துணி இல்லாமல் ஏறியபோது தெஹ்ரான் கொதித்தது. அங்கே அணியச் சொல்லும் அரசு, இங்கே அவிழ்க்கச் சொல்லும் அரசு. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு இடம் ஒதுக்க விருப்பமில்லை.

நம் பக்கமும் சுத்தமில்லை. 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் கோப்பை கிரிக்கெட் அரையிறுதியில் இந்தியப் பந்துவீச்சாளர் முகமது ஷமி ஆட்டத்தின் நடுவே ஒரு மிடறு பானம் குடித்தார். ரமலான் நோன்பை விட்டுவிட்டார், பாவம் செய்தார் என்று ஒரு மௌலானா அறிக்கை விட்டார். 2021-ல் பாகிஸ்தானிடம் தோற்றபோது அதே ஷமியை முஸ்லிம் என்பதற்காகவே சமூக ஊடகங்களில் வசைபாடினார்கள். தொண்டை வறளப் பந்து வீசுகிறவருக்கு இரண்டு பக்கமும் மேற்பார்வையாளர்கள். செனட்டர்களும் இந்த வரிசையில் கோட்டு சூட்டோடு வந்து நிற்கிறார்கள்.

2030 குளிர்கால ஒலிம்பிக்கைப் பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மசோதா சட்டமாகுமானால், பிரான்ஸின் பனிச்சறுக்கு வீராங்கனை ஒருத்தி தன் நாட்டு மலையில் அணிய முடியாததை, அவளோடு போட்டியிடும் வெளிநாட்டுப் பெண் அணிந்துகொண்டு சறுக்குவாள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை உள்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கக் கூடாது. நிறவெறியும் உள்நாட்டு விவகாரம் என்றுதான் சொல்லப்பட்டது. ஆனாலும் தென்னாப்பிரிக்காவை 1964-ல் வெளியே நிறுத்தி, 1992-ல்தான் மறுபடி உள்ளே விட்டார்கள். சட்டம் கையெழுத்தாகும் அன்றே 2030-ஐப் பிரான்ஸிடமிருந்து பிடுங்கி, வேறொரு நாட்டிடம் கொடுக்க வேண்டும்.