‘அடலசென்ஸ்’: வெட்டாத கேமரா

‘அடலசென்ஸ்’ பற்றி யாரிடம் பேசினாலும் முதல் வரி "ஒரே ஷாட்டுல எடுத்திருக்காங்கய்யா!" என்பதுதான். நானும் அப்படித்தான் வாயைப் பிளந்தேன். 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த பிரிட்டிஷ் தொடர். மொத்தம் 4 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், நடுவில் ஒரு வெட்டு கூடக் கிடையாது. இயக்கம் ஃபிலிப் பாராண்டினி, ஒளிப்பதிவு மாத்யூ லூயிஸ். ஆனால் இதை வெறும் சர்க்கஸ் வித்தையா பார்த்துட்டுப் போறது அநியாயம்னு ரெண்டாவது தடவை பார்த்தப்பதான் உறைச்சது.

(இன்னும் பார்க்காதவங்க இத்தோட நிறுத்திக்கங்க. கதையைப் போட்டு உடைக்கப் போறேன்.)

13 வயசுப் பையன் ஜேமி. கூடப் படிக்கிற கேட்டியைக் குத்திக் கொன்னதா போலீஸ் காலையில் கதவை உடைச்சுக்கிட்டு வருது. வழக்கமான தொடர்னா கைது, அடுத்த ஷாட் ஸ்டேஷன். இங்கே அழுதுக்கிட்டிருக்கிற பையன் எதிரே நாமும் வேனில் உட்கார்ந்து போயாகணும். ஒண்ணுமே நடக்காத அந்த நிமிஷங்களில்தான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

வெட்டு என்பது பார்க்கிறவனுக்குக் கொடுக்கிற சலுகை. நம்ம மெகா சீரியலில் ஒரு அறை விழுந்தா கேமரா ஆளுக்கு மூணு தடவை முகத்துக்குப் பாயும், யார் என்ன நினைக்கிறாங்கன்னு நாம மண்டையை உடைச்சுக்க வேண்டாம். மூணாவது எபிசோடில் அந்தச் சலுகை சுத்தமா இல்லை. ஒரு அறை, ஒரு மேசை, ஜேமி, மனநல நிபுணர் ப்ரையனி. கேமரா அவங்களை மெதுவா சுத்திச் சுத்தி வருது. அவன் திடீர்னு எழுந்து கத்துறப்ப அவ முகத்தைப் பார்க்கணும்னு நமக்குத் துடிக்கும். கேமரா அந்தப் பக்கம் வரும் வரை காத்திருக்கணும். அவ வெளியே போய்த் தன்னைத் தேத்திக்கிற நேரத்தையும் கூடவே நின்னு பார்க்கணும்.

இப்போ என்னோட விஷயத்துக்கு வர்றேன். இவ்வளவு ஓயாம பார்க்கிற கேமரா, கொலையை மட்டும் பார்க்கலை. அதைப் பார்த்தது கார் பார்க்கிங்கில் இருந்த சிசிடிவி. முதல் எபிசோட் கடைசியில் அப்பா எடி அந்தக் காட்சியைப் பார்க்கிறார். அந்தக் கேமராவும் வெட்டாம பார்த்த கேமராதான், தூரத்திலிருந்து. நம்ம கேமராவோ மறுநாள் காலையில்தான் வந்து சேருது. ஃப்ளாஷ்பேக்குக்கு வழியில்லை, ஏன்னா வெட்டினாத்தானே பின்னாடி போக முடியும்? நாலாவது எபிசோடில் அப்பா அம்மா பேசிக்கிறதும் இதுதான்: பையன் தன் ரூமுக்குள்ளேதானே இருந்தான், என்ன ஆகிடும்னு நினைச்சோம். அவங்களும் அந்த வீட்டில்தான் இருந்தாங்க, நாள் முழுக்க. கேமராவோட கையாலாகாத்தனமும் அவங்களோடதும் ஒண்ணுதான்னு எனக்குப் பட்டது.

ஆனா ஒரு குறை. கேமரா யாரையாவது பிடிச்சுக்கிட்டேதான் நகர முடியும். செத்துப்போன கேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நகர முடியாதே. ஜேமியைத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சுக்குவாங்கன்னு போலீஸ்காரி மிஷாவே ஆதங்கப்படுறா. இயக்குநருக்கும் உறுத்தியிருக்கணும். ரெண்டாவது எபிசோட் முடிவில் கேமராவை ட்ரோனில் மாட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து ஊர் மேலே பறக்கவிட்டு, கொலை நடந்த இடத்தில் இறக்குறாங்க. பின்னணியில் பிள்ளைகள் பாடுற பாட்டில் கேட்டியா நடிச்ச பெண்ணோட குரலும் கலந்திருக்கு. சிலிர்த்தது உண்மைதான். ஆனா இறங்கின கேமரா கடைசியில் போய் நிக்கிறது பூ வைக்க வந்த ஜேமியோட அப்பா முகத்தில்.